சென்னை – சிகாகோ: நான், 4 வயசுப் பையன், 9 மாதப் பாப்பா, ஐந்து பெட்டி. விமான நிலையத்தைத் தனியாகக் கடப்பது எப்படி?

டிகிரிகாபி | செவ்வாய், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாவது பிரசவத்துக்காகக் கும்பகோணம் வந்தேன். அடுத்த மாதம் 9-ஆம் தேதி விடியற்காலை விமானத்தில் திரும்புகிறேன். சென்னை – அபுதாபி – சிகாகோ. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, அங்கேயே இருக்கிறார். அப்பாவுக்கு விசா இல்லை. ஆக நான், 4 வயசுப் பையன், அன்றைக்கு 9 மாதம் முடிந்திருக்கும் பாப்பா.

எனக்கு இரண்டு, பையனுக்கு இரண்டு, பாப்பாவுக்கு ஒன்று என்று டிக்கெட்டில் ஐந்து பெட்டி அனுமதி இருக்கிறது. ஐந்தையும் நிரப்புவது என்று அம்மா தீர்மானித்துவிட்டார். மாடியில் கூழ் வடகம் காய்கிறது.

விமானத்துக்குள் குழந்தைகள் அழுவார்களே என்ற கவலைகூட எனக்கு இல்லை. அது எப்படியும் நடக்கும். என் பயமெல்லாம் விமான நிலையம்தான். செக்யூரிட்டியில் பாப்பாவை எங்கே வைப்பேன்? பையன் ஓடினால் யார் பிடிப்பது? எனக்கே பாத்ரூம் போக வேண்டுமென்றால்? தனியாகப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். "தைரியமா போங்க" மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே தினம் 5 பேர் சொல்கிறார்கள்.

---

ரெண்டு_வாண்டு | புதன், காலை 6.15

இதே வழியில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் 5 வயசு, 1 வயசு இரண்டையும் வைத்துக்கொண்டு போனேன். அம்மா ஐந்து பெட்டி நிரப்பட்டும், கவலைப்படாதீர்கள். செக்-இன் கவுன்ட்டரில் போட்டுவிட்டால் சிகாகோ வரை அவை உங்கள் பிரச்சினை இல்லை. ஆளைக் கொல்வது கையில் இருக்கும் பைதான்.

நமக்குக் கை இரண்டு. ஒரு கை பையனுக்கு. இன்னொரு கை பாஸ்போர்ட்டுக்கும் ட்ரேக்கும் கதவுக்கும். பாப்பாவுக்குக் கை கிடையாது! அவளை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியரில் போட்டுவிடுங்கள். இப்போதே வீட்டில் கட்டிப் பழக்குங்கள். விமான நிலையத்தில் முதல் முறையாக பக்கிளைத் தேடினால் அழுகை வரும், பாப்பாவுக்கு இல்லை, நமக்கு.

பை ஒன்றே ஒன்று, முதுகில். சக்கரம் வைத்த கேபின் பெட்டி வேண்டவே வேண்டாம். தோளில் தொங்கும் கைப்பையும் வேண்டாம், குனியும்போதெல்லாம் முன்னால் வந்து பாப்பா தலையில் இடிக்கும். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், போன் மூன்றுக்கும் குறுக்காக மாட்டிக்கொள்ளும் சின்னப் பை. அவ்வளவுதான்.

ஸ்ட்ரோலர் பாப்பாவுக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பையனுக்கு. 4 வயசுக்காரன் ராத்திரி 2 மணிக்கு "கால் வலிக்குது" என்று தரையில் உட்கார்ந்தால் உங்களால் தூக்க முடியாது. அவனை ஸ்ட்ரோலரில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டால் ஓடுகிற பிரச்சினையும் தீர்ந்தது.

---

மடிப்பாக்கம்_மாமா | புதன், காலை 8.02

இவ்வளவு யோசனை எதற்கு? டிக்கெட்டில் வீல்சேர் என்று ஒரு வார்த்தை போட்டுவிடம்மா. ஒரு பையன் வந்து தள்ளிக்கொண்டு போவான், செக்யூரிட்டி, இமிகிரேஷன் எல்லாம் தனி வரிசை. என் சம்பந்தி வருஷா வருஷம் அப்படித்தான் போகிறார். தினம் 4 கிலோமீட்டர் வாக்கிங் போகிற மனுஷர்.

---

ராத்திரி_ஷிஃப்ட் | புதன், பகல் 1.30

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். செக்-இன் கவுன்ட்டரில் 6 வருஷம் இருந்தவள் சொல்கிறேன். உங்கள் சம்பந்தி மாதிரி ஆட்களால்தான் நிஜமாகவே நடக்க முடியாத பாட்டிகள் கவுன்ட்டர் ஓரத்தில் முக்கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள். அமெரிக்கா போகும் விமானம் என்றால் வீல்சேர் வரிசை எங்கள் மேஜையிலிருந்து நுழைவாசல் வரை நிற்கும்.

அது போகட்டும், டிகிரிகாபிக்கு அது உதவவும் செய்யாது. நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால் மடியில் பாப்பா, பையன்? தள்ளுகிற தம்பிக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். அவர் வேகத்துக்கு 4 வயசுக் குழந்தை ஓட வேண்டும்.

சிறு குழந்தைகளோடு தனியாக வருபவர்களுக்கு உதவி வேண்டும் என்று விமான நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். சில நிறுவனங்கள் இலவசமாக ஆள் அனுப்பும். கட்டணம் வாங்கிக்கொண்டு வாசலிலிருந்து கேட் வரை கூட வரும் சேவையும் பெரிய நிலையங்களில் உண்டு, "மீட் அண்ட் அசிஸ்ட்" என்று கேட்டால் தெரியும். சென்னையைவிட அபுதாபியில் அதை எடுத்தால் பணம் பிரயோஜனப்படும். சென்னையில் எல்லோரும் தமிழ்தான், கேட்டால் பக்கத்தில் நிற்பவரே பையைத் தூக்குவார்.

பேசினெட்டுக்கு (விமானத்தில் பாப்பாவைப் படுக்கவைக்கும் தொட்டில்) இன்றைக்கே போன் செய்யுங்கள். தடுப்புச் சுவருக்கு முன்னால் இருக்கிற சில இருக்கைகளுக்குத்தான் அது மாட்டும். குழந்தையின் எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பாப்பாவின் எடையைச் சொல்லியே கேளுங்கள். அந்த வரிசையில் காலடியில் பை வைக்க முடியாது, ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். ஆகவே ஒரு டயப்பர், கொஞ்சம் வைப்ஸ், ஒரு மாற்றுச்சட்டை மட்டும் சின்னத் துணிப்பையில் தனியாகக் கட்டிக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள கைப்பிடியும் அங்கே மேலே எழும்பாது, பையன் உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்க முடியாது. இதைச் சொல்லாமல் விற்றுவிடுவார்கள்.

ஸ்ட்ரோலருக்கு செக்-இன் கவுன்ட்டரிலேயே டேக் வாங்கிவிடுங்கள். கேட் வரை தள்ளிக்கொண்டு போகலாம். "அபுதாபியில் விமான வாசலில் தருவார்களா, சிகாகோவில்தானா?" என்று அதே மூச்சில் கேளுங்கள். டேக்கில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள், நம் வாய்க்கும் டேக்குக்கும் சம்பந்தம் இருக்காது.

---

டிகிரிகாபி | புதன், இரவு 10.20

ஸ்ட்ரோலர் பையனுக்கு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி அக்கா.

செக்யூரிட்டியில் சரியாக என்ன நடக்கும் என்று யாராவது வரிசையாகச் சொல்ல முடியுமா? பாப்பா இன்னும் பால்பவுடர்தான். சத்துமாவுக் கஞ்சியும் கொடுக்கிறேன். 100 மில்லி கணக்கு அதற்கும் உண்டா?

---

ரெண்டு_வாண்டு | வியாழன், காலை 5.50

திரவங்களுக்கான அந்த 100 மில்லி விதி 2006-இல் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி வெளிப்பட்டபோது வந்தது. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு, பயணத்துக்குத் தேவையான அளவு வரை. ஆனால் நீங்களே முதலில் எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். பைக்குள் இருந்து அவர்கள் கண்டுபிடித்தால் பேச்சு நீளும். பவுடரை ஒருவேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாவில் அளந்து வையுங்கள், ஃபிளாஸ்க்கில் வெந்நீர். கஞ்சிக்கும் அதேதான், மாவாகக் கொண்டுபோங்கள். பையனுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. பொடியைத் தனியாகக் கேபின் பையில் வைக்காதீர்கள், மிளகாய்ப்பொடி அனுமதி இல்லை. ஊறுகாயும் பெட்டியோடு போகட்டும். தயிர்சாதம் நல்லதுதான், ஆனால் அதைத் திரவம் என்று ஒருவர் சொல்வார், சாதம் என்று இன்னொருவர் சொல்வார், வம்பு வேண்டாம். கொப்பரையை மட்டும் அம்மா பெட்டியில்கூட வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப்பசையால் தீப்பற்றும் என்று தடை. பவர் பேங்க் நேர்மாறு, அது பெட்டியில் போகக்கூடாது, கையில்தான்.

இப்போது வரிசை. சென்னையில் சோதனை செய்வது சிஐஎஸ்எஃப் என்கிற மத்தியப் பாதுகாப்புப் படை ஆட்கள். ஸ்ட்ரோலரை மடித்து எக்ஸ்-ரேயில் விடச் சொல்வார்கள். பெரும்பாலும் கேரியரையும் கழற்றச் சொல்வார்கள், தூங்குகிற பாப்பா விழித்துக்கொள்ளும், அதற்கு மனதளவில் தயாராகுங்கள். முதலில் முதுகுப்பை, அப்புறம் போனும் பவர் பேங்க்கும், அப்புறம் ஸ்ட்ரோலர், கடைசியாகப் பாஸ்போர்ட் பை. அந்தப் பை உள்ளே போவதைக் கண்ணால் பார்த்த பிறகு நகருங்கள். பெண்களுக்குத் திரை மறைவில் சோதனை. நாம் உள்ளே நிற்கும்போது நம் பொருள் அந்தப் பக்கம் வந்து கிடக்கும். கடைசியாகப் போட்டதுதான் கடைசியாக வரும் என்பதற்காகவே இந்த வரிசை.

பையனைத் திரைக்குள் கூடவே அழைத்துப் போங்கள். "அம்மா இங்கே இருக்கேன், நீ அங்கே நில்" என்பது 4 வயசுக்கு எடுபடாது. நான் முயன்றேன். இரண்டு வரிசை தள்ளி ஒரு மாமா ஷூவைக் கழற்ற இவன் உதவிக்கொண்டிருந்தான்.

பின்னால் நிற்பவர்கள் "உச்" கொட்டுவார்கள். கொட்டட்டும். "நீங்க முன்னாடி போங்க சார்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் நமக்கும் படபடப்பு அடங்கும்.

அபுதாபி தனிக் கதை. 2014 முதல் அங்கேயே அமெரிக்க இமிகிரேஷன், கஸ்டம்ஸ் முடித்து அனுப்புகிறார்கள். அதாவது இன்னொரு செக்யூரிட்டி, இன்னொரு வரிசை, அதுவும் தூக்கக் கலக்கத்தில். நடுவில் 3 மணி நேரமாவது இருக்கிற மாதிரி டிக்கெட் பாருங்கள். ஆனால் சிகாகோவில் இறங்கினால் உள்நாட்டு விமானத்தில் வந்த மாதிரி நேராக வெளியே போய்விடலாம். 14 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு இரண்டு குழந்தையோடு இமிகிரேஷன் வரிசையில் நிற்பதோடு ஒப்பிட்டால் இதற்குக் கும்பிடு போடலாம். மிச்சமிருக்கும் வாழைப்பழத்தை அதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், பழம் உள்ளே போகாது.

---

ஸ்காபரோ_அப்பா | வியாழன், மாலை 4.45

ஒரு தகப்பனாகச் சொல்கிறேன். போன வருடம் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு 5 வயது மகளோடு தனியாக வந்தேன். மனைவி தாயாரைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார்.

கடிதம் ஒன்று கட்டாயம் கொண்டு போங்கோ. மற்றப் பெற்றோர் "இந்தத் திகதியில், இந்த விமானத்தில், என் சம்மதத்தோடுதான் போகினம்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரி வைத்தால் இன்னும் நல்லம். கனடா அரசாங்கமே அப்படிக் கொண்டு போகச் சொல்கிறது. அமெரிக்காவில் எல்லா வேளையும் கேட்கமாட்டினம். கேட்டால் கையில் இருக்க வேண்டும். அதிகாரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, குனிந்து மகளிடம்தான் கேட்டவர், "இவர் யார்?" என்று. மகள் வெட்கத்தில் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டாள். அந்த அரை நிமிடம் எனக்கு வேர்த்துக் கொட்டினது. உங்கள் மகனுக்கு அப்பாவின் முழுப்பெயர் சொல்லப் பழக்குங்கோ.

இன்னொன்று. தகப்பன்மாருக்குப் பெரிய பாடு வோஷ்ரூம்தான். பெண்கள் பக்கம் நான் போக முடியாது, ஆண்கள் பக்கம் மகளைக் கூட்டிப்போக மனம் வராது. குடும்ப அறை, இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய அறையைத் தேடிப் போங்கோ. உங்களுக்கும் அதுதான் தோது, தள்ளுவண்டிலோடு மூன்று பேரும் உள்ளுக்குப் போகலாம். அவதி வந்தபின் தேடாமல், கண்ட இடத்தில் போய்விடுவது புத்தி.

---

சேலத்து_மாங்கா | வியாழன், இரவு 9.10

எதுக்கு இவ்ளோ டென்ஷன்? கிளம்பும்போது இரண்டு பேருக்கும் சளி சிரப் கொஞ்சம் கொடுத்துடுங்க. சிகாகோ வரைக்கும் தூங்குவாங்க. எங்க வீட்டில் எல்லாரும் செய்யறதுதான்.

---

ராத்திரி_ஷிஃப்ட் | வியாழன், இரவு 9.25

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கக்கூடாது என்று எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார், அதுவும் 9 மாதக் குழந்தைக்கு. சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து, தூக்கமே இல்லாமல் ஆட்டம் போட வைக்கும். காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த பாரசிட்டமால் சிரப்பும் அளவுக் குப்பியும் கையில் இருந்தால் போதும்.

---

உட்லண்ட்ஸ்_அக்கா | வெள்ளி, காலை 7.30

சிங்கப்பூரில் இருக்கிறேன், ஊருக்குப் போக வர இருப்பதால் மூன்று பிள்ளைகளோடு எத்தனை தடவை என்று எண்ணிக்கையே விட்டுப்போச்சு. இங்கே சாங்கி விமான நிலையத்தில் உள்ளே போய்விட்டால் ஸ்ட்ரோலர் இரவல் எடுத்துக்கொள்ளலாம், இலவசம். துபாயிலும் பார்த்திருக்கிறேன். அபுதாபியில் உங்கள் வண்டி வாசலுக்கு வரவில்லை என்றால் இறங்கியதும் முதலில் அதைக் கேளுங்கள்.

காது வலி பற்றி யாரும் சொல்லவில்லையே. மேலே ஏறும்போது பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இறங்கும்போதுதான். காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் பிள்ளைகளுக்கு ரொம்பக் குறுகல், அழுத்தம் மாறும்போது அது திறக்கத் தடுமாறும். எதையாவது விழுங்கினால் திறக்கும். தரையிறங்க அரை மணி முன்னாலேயே விமானம் தாழ ஆரம்பித்துவிடும், பால் புட்டியை அப்போது எடுங்கள். நம் ஆட்கள் ஏறும்போதே புட்டியைக் காலி செய்துவிட்டு இறங்கும்போது திண்டாடுவார்கள். பணிப்பெண்ணிடம் வெந்நீர் கேட்டால் கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள், பச்சைத்தண்ணீர் கலந்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

முதலில் ஏறச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் போகமாட்டேன். உள்ளே கூடுதலாக 40 நிமிஷம் அடைந்து கிடப்பதைவிட பிள்ளைகள் வெளியே ஓடித் திரியட்டும்.

---

ரெண்டு_வாண்டு | வெள்ளி, காலை 9.00

அக்கா, இதில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனியாகப் போகிறவள் முதலில் ஏறியே ஆக வேண்டும். கடைசியில் போனால் மேலே பை வைக்க இடம் இருக்காது, பை பத்து வரிசை தள்ளிப் போய்விடும். டயப்பருக்கு யார் எழுந்து போவது?

---

கோபுரவாசல் | சனி, பகல் 12.15

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 9-ஆம் தேதி விடியற்காலை, அபுதாபி, சிகாகோ... என் மாமனார் மாமியார் அதே விமானத்தில்தான் வருகிறார்கள்! முதல் பயணம். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வராது, அபுதாபியில் கேட் மாறினால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தூக்கமில்லை. மாமி நாலு பேரப்பிள்ளைகளை வளர்த்தவர். நீங்கள் அவர்களுக்கு வாயாக இருங்கள், அவர்கள் உங்களுக்குக் கையாக இருப்பார்கள். விருப்பம் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

---

ராத்திரி_ஷிஃப்ட் | சனி, பகல் 12.50

இதுதான் உருப்படியான யோசனை. ஒரே ஒரு எச்சரிக்கை, தப்பாக நினைக்காதீர்கள் கோபுரவாசல். ஒருவர் பெட்டியை இன்னொருவர் பெயரில் போடாதீர்கள், "இந்த ஒரு டப்பா மட்டும்" என்றாலும் சரி. அவரவர் பெட்டி, அவரவர் டேக். முன்பே வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள். பையனுக்கும் மாமியைக் காட்டிவிடுங்கள்.

படிவம் நிரப்புகிற வேலை பழைய மாதிரி இல்லை. இங்கிருந்து புறப்படுகிற இந்தியர்களுக்கான அட்டையை 2017 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். கவுன்ட்டரில் கேள்வி கேட்டால் பேசத்தான் ஆள் வேண்டும்.

---

டிகிரிகாபி | 14-ஆம் தேதி, செவ்வாய், விடியற்காலை 3.30 (சிகாகோ நேரம், ஜெட்லாக்)

வந்து சேர்ந்தோம். மூன்று பேரும் விழித்திருக்கிறோம், பையன் இட்லி கேட்கிறான்.

நடந்ததைச் சொல்கிறேன். சென்னை இமிகிரேஷனில் முதல் அடி. பையன் அமெரிக்கக் குடிமகன், பாப்பாவும் நானும் இந்தியா. இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டும் நீலம்! அவசரத்தில் மூன்றையும் கலந்து நீட்டினேன், பையனின் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) என் பாஸ்போர்ட்டுக்குள் போய்விட்டது. அதிகாரி பொறுமையாகத்தான் இருந்தார், எனக்குத்தான் கை நடுங்கியது. இதைப் படிப்பவர்கள் ஆளுக்கு ஒரு நிறத்தில் உறை போட்டுவிடுங்கள்.

செக்யூரிட்டியில் ரெண்டு_வாண்டு அக்கா சொன்ன வரிசை அப்படியே நடந்தது. கேரியரைக் கழற்றியதும் பாப்பா வீல் என்று கத்த, சிஐஎஸ்எஃப் அம்மா ஒருவர் அவளைப் பார்த்து "என்னடி கண்ணு" என்றதும் கப்சிப்.

அபுதாபியில் ஸ்ட்ரோலர் வாசலுக்கு வரவில்லை. டேக்கில் சிகாகோ என்று போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. பையன் நல்ல தூக்கம். கூட வந்த கோபுரவாசலின் மாமனார் பேசாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அறுபத்தெட்டு வயசு. வேண்டாம் என்றேன், "வயல்ல மூட்டை தூக்கினவன்மா" என்றார். மாமி என் முதுகுப்பையை வாங்கிக்கொண்டார். அமெரிக்க கவுன்ட்டரில் அவர்களை முன்னால் விடச் சொல்லி நான் பக்கத்தில் நின்று பேசினேன். எத்தனை மாதம் தங்குவீர்கள் என்ற கேள்விக்கு மாமி நேராக அதிகாரியைப் பார்த்து "பொங்கலுக்கு ஊருக்குப் போயிடணும்" என்றார். அதை நான் மொழிபெயர்த்த விதத்தில் அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் கடிதம் கேட்கவில்லை. பையனிடம் அப்பா பேர் கேட்டார்கள். பத்து நாள் பழக்கியிருந்தேன். "அப்பா" என்றான்.

வாழைப்பழம் குப்பைக்குப் போனது, அதற்கு ஒரு பாட்டம் அழுகை. பாத்ரூமுக்குக் குடும்ப அறைதான், மூன்று தடவையும். விமானத்தில் முதலில் ஏறினேன், மன்னிக்கவும் உட்லண்ட்ஸ் அக்கா. புட்டி மட்டும் நீங்கள் சொன்ன மாதிரி இறங்கும்போதுதான்.

சிகாகோவில் பெட்டிக்குக் காத்திருந்தபோதே கணவர் வந்துவிட்டார். பாப்பாவைக் கடைசியாக அவர் பார்த்தது அவளுக்கு 20 நாள் இருக்கும்போது. அவரிடம் போகமாட்டேன் என்று மாமியின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

---

மடிப்பாக்கம்_மாமா | 14-ஆம் தேதி, இரவு 7.05

சந்தோஷம் அம்மா. இந்த இழையைச் சம்பந்திக்கு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. வடகம் முழுசாக வந்து சேர்ந்ததா?

---

டிகிரிகாபி | 15-ஆம் தேதி, காலை 8.40

பாதி நொறுங்கிவிட்டது மாமா. நொறுங்கினதை வறுத்து மோர்க்குழம்பில் போட்டாச்சு.